வைக்கோல் மலரும் வரை

இருபத்திரண்டு வருஷம் ஒரு பாய்லரை வெடிக்காமல் பார்த்துக்கொண்ட மனிதரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வெடித்திருந்தால் மூன்று நாள் பத்திரிகையில் படத்தோடு வந்திருப்பார். வெடிக்காத பாய்லருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இந்த அநியாயத்தைக் கொஞ்சமாவது சரிக்கட்டத்தான் இந்த வரலாறு. அந்த ஒரே ஒரு காலையையும் இதில் சொல்லியாக வேண்டியிருப்பது அவருக்குப் பிடிக்காது. பரவாயில்லை, இப்போது அவரால் ஆட்சேபம் சொல்ல முடியாது.

அவரைக் கட்டைக்குரல் என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பின்னால், பிணவறைக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே சலவைக்கூடம். நாளுக்கு ஆயிரத்து இருநூறு விரிப்புகள் அழுக்காக உள்ளே போய், சூடாக, சதுரமாக வெளியே வரும். அந்தச் சூடு முழுவதும் ஒரு பாய்லரிலிருந்து வந்தது. அது படுத்துத் தூங்கும் வேன் மாதிரி ஓர் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு. குழந்தைகள் அழுவது இந்தப் பக்கம் கேட்கும். பாய்லர் பெருமூச்சு விடுவது அந்தப் பக்கம் கேட்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை வரைபடம் போட்டு, அதற்கு மூன்று பேர் கையெழுத்தும் வைத்திருந்தார்கள்.

பாய்லரின் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அது காட்டும். குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்வரை பாய்லர் சாதுவான பிராணி. கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கினால், உள்ளே நெருப்பு ஓடுகிற குழாய்கள் தண்ணீரைவிட்டு வெளியே தலைநீட்டிக் காய ஆரம்பிக்கும். காய்ந்து சிவந்த இரும்பின்மேல் யாராவது பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரைப் பாய்ச்சினால், அந்தச் சுவர் இருக்காது, சுவருக்கு அந்தப் பக்கமும் இருக்காது. தண்ணீர் குறைந்தால் அலற ஒரு மணியும், தானாக நெருப்பை அணைக்க ஒரு மிதவையும் இருந்தன. மிதவையில் உப்பு படிந்து அது நேரங்கெட்ட நேரத்தில் மணியை அடித்துக்கொண்டிருந்தது. தாய்மார்கள் தூங்க முடியவில்லை என்று புகார் வந்தது. நிர்வாகம் உடனடி நடவடிக்கை எடுத்து மணியின் ஒயரையும் மிதவையின் ஒயரையும் தற்காலிகமாகப் பிடுங்கிவிட்டது. அந்தத் தற்காலிகத்துக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. பழுது பார்க்கச் சொல்லிக் கட்டைக்குரல் கொடுத்த மூன்று விண்ணப்பங்கள் மேலாளரின் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்திரமாக இருந்தன. மேலாளர் தேநீர்க் கோப்பையை அவற்றின்மேல்தான் வைப்பார்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு பாய்லரின் வயிற்றில் படிந்த வண்டலை வெளியேற்ற வேண்டும். அங்கே இதற்குக் கொப்பளிப்பு என்று பெயர். பாய்லருக்குப் பின்னால் நான்கு படி இறங்கினால் ஒரு பள்ளம், அதில் ஒரு வால்வு. அதைத் திறந்தால் அழுக்குத் தண்ணீர் காது கிழியும் சத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும். இருபது வினாடி, அதற்குமேல் ஒரு வினாடியும் கூடாது. பள்ளத்தில் நிற்பவருக்கு முன்பக்கத்துக் கண்ணாடிக் குழாய் தெரியாது. ஆவியில் கைக்கடிகாரமும் தெரியாது. ஆகவே ஒருவர் முன்னால் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுக்க, இன்னொருவர் பின்னால் வால்வைப் பிடித்திருக்க வேண்டும். முன்னால் நின்றவர் கட்டைக்குரல். பின்னால் நின்றவர் அவருடைய மனைவியின் தம்பி. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கூடம் முழுவதுக்குமே மச்சான்.

முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் பார்த்தார்கள். எண்ணுவதில் ஒரு கோளாறு, பயம் வந்தால் எண்கள் ஓட ஆரம்பித்துவிடும். பயம் இல்லாத நாளில் பதினான்கிலேயே தூங்கிவிடும். அப்போதுதான் கட்டைக்குரலுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்ற பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டு, ஐந்து சரணம்.

பனியிரவில் ஒருவாசல்
பாலனுக்காய்த் திறந்ததுவே
இனியிருளில் யாருமில்லை
இறைமகனார் பிறந்தனரே

மந்தையின்மேல் விண்மீன்கள்
மௌனமதைக் கலைத்தனவே
வந்தவர்கள் தாள்பணிய
வைக்கோலும் மலர்ந்ததுவே

பள்ளிப் பாடகர் குழுவிலிருந்து இரண்டே நாளில் நீக்கப்பட்டவர் அவர். "நீ பாடல, பஸ்ஸ புடிக்க ஓடுற" என்று பாட்டு டீச்சர் சொன்னாராம். ராகம் கிடையாது, மூச்சு விடுவது கிடையாது, எல்லா வார்த்தைக்கும் ஒரே கட்டைச் சுருதி. அவருக்கு அந்தப் பாட்டை ஒரே ஒரு வேகத்தில்தான் பாடத் தெரியும். பயந்தாலும் அதே வேகம், தூக்கம் வந்தாலும் அதே வேகம். கடிகாரம் வைத்துப் பார்த்தார். இரண்டு சரணத்துக்குச் சரியாக இருபது வினாடி. இசை உலகம் தள்ளிவிட்ட திறமையை இப்படித்தான் பாய்லர் உலகம் கைநீட்டி வாங்கிக்கொண்டது. 'பனி' என்று அவர் ஆரம்பித்தால் மச்சான் வால்வைத் திறப்பார். 'மலர்ந்ததுவே' என்று முடித்தால் மூடுவார். ஒன்பது வருஷத்தில் மச்சானின் காது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது, கை கேட்டுக்கொண்டது.

இதெல்லாம் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று கட்டைக்குரல் நினைத்திருந்தார். அங்கேதான் சறுக்கல். சுவருக்கு இந்தப் பக்கம் இஸ்திரி மெஷினில் நின்றவர்களுக்குக் கேட்டதெல்லாம், மே மாத வெயிலிலும் ஒரு மனிதர் காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் கிறிஸ்துமஸ் பாட்டைக் கத்துவதுதான்.

"அவருக்கு வருஷம் முழுக்கக் கிறிஸ்துமஸ்தான்" என்பார் இஸ்திரி அக்கா, கண்ணை மூடிக்கொண்டு. அவர் பெரிய உருளை இஸ்திரி மெஷினின் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் அவரே பொறுப்பாளர். மெஷினில் நுழையும் விரிப்பும் குழுவில் நுழையும் ஆளும் சுருக்கமில்லாமல்தான் வெளியே வர வேண்டும். அவரை எதிர்த்துப் பேசிய ஆள் இன்னும் வேலைக்குச் சேரவில்லை.

"பக்தி சரி அக்கா, தொண்டை அப்படியா இருக்கணும்? பேய் ஓட்டுற மாதிரி இருக்கு" என்பார் விரிப்பு மடிக்கிறவர். ஒல்லியாக, தானே நான்காக மடிந்த மாதிரி நிற்பார். அதனால் அவர் பெயரே மடிப்பு.

"கடவுளுக்குத் தொண்டை எதுக்குடா? மனசுதான் வேணும்."

"அப்போ உங்க குழுவுல அவர சேத்துக்கங்களேன்."

அக்கா அடுத்த விரிப்பைப் பிடித்து இழுத்தார்.

அக்டோபரில் கட்டைக்குரலின் குரல் கரகரத்தது. நவம்பரில் பாதி நாள் குரலே எழவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் ஒரு முடிச்சு இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்.

"எடுத்தப்புறம் முப்பது நாள் பேசக் கூடாது. கிசுகிசுக்கக்கூட வேணாம். புண் ஆறாம ஒரு தடவ கத்தினீங்கன்னா, அப்புறம் எங்ககிட்ட வராதீங்க. வந்தாலும் நாங்க பண்ண ஒண்ணும் இருக்காது."

"இருமல் வந்தா?" என்று எழுதிக் காட்டினார் கட்டைக்குரல். அப்போதே சிலேட்டுக்கு மாறியிருந்தார்.

"வராம பாத்துக்கங்க."

அவர் மனைவி கணவருக்கு முப்பது நாள் மௌனம் என்று கேட்டதும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள மிகவும் பிரயாசைப்பட்டார்.

கட்டைக்குரலின் கவலை வேறு. தனக்குப் பதிலாக ஓர் ஆள் வேண்டும் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்தார். மேலாளர் வாங்கி மற்ற மூன்றின்மேல் வைத்தார். கோப்பை கொஞ்சம் உயர்ந்தது. அவ்வளவுதான் மாற்றம். ஆகவே கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நின்று பாட யாராவது வேண்டியிருந்தது. ஒன்பது மணிக்கு யார் கை ஓய்வாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே தலையணை உறை எண்ணும் சீட்டுகள் நான்கை எடுத்து, அவற்றின் முதுகில் இரண்டு சரணத்தையும் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். கீழே, 'தினமும் காலை ஒன்பது மணிக்கு. தவறக் கூடாது' என்று எழுதிக் கோடு போட்டார். ஆஸ்பத்திரிக்குப் படுக்கப் போகும் முந்தின நாள் மச்சான், அக்கா, மடிப்பு, ஸ்டோர்க்காரர் என நான்கு பேர் கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கொடுத்தபோது விரலால் மேசையில் டக் டக் என்று வேகத்தைத் தட்டிக் காட்டினார். பாட்டை எழுதலாம், வேகத்தை எழுத முடியாதே.

அக்கா சீட்டைப் படித்தார். அவர் தட்டும் விரலைப் பார்த்தார். விரல் நடுங்குகிறது என்று முடிவு கட்டினார்.

அவர் போனதும் மடிப்பு மெதுவாகக் கேட்டார்: "என்னக்கா இது?"

"புரியலையா? முடிச்சுன்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? மனுஷன் நமக்குக் குடுத்துட்டுப் போற கடைசிச் சொத்துடா இது. தனக்காக தினமும் பாடச் சொல்றாரு." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாடுவோம். என் உயிர் இருக்கற வரைக்கும் பாடுவோம்."

மச்சானுக்கு விஷயம் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணீர் விடுகிற அக்காவிடம் வால்வைப் பற்றிப் பேசுவது எப்படி? அவருடைய சொந்தக் குரல் கொசுவுக்குச் சமம். யாராவது பாடினால் சரி என்று அவர் பள்ளத்தில் இறங்கினார்.

டிசம்பர் ஆறாம் தேதி அறுவை நடந்தது. ஏழாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் அக்கா நின்று, கண்ணை மூடி, பாடினார். மிக அழகாகப் பாடினார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு இழுப்பு இருந்தது, அந்த இழுப்பில் பனி பெய்வது தெரிந்தது. 'மலர்ந்ததுவே' வந்தபோது நாற்பது வினாடி ஆகியிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழே நின்றது. மச்சான் மேலே வந்து, பம்ப் போட்டு, தண்ணீரை ஏற்றி, பதிவேட்டில் 'சரி' என்று எழுதினார். அவர் ஒன்பது வருஷமாக எழுதிவரும் ஒரே சொல் அதுதான்.

பத்தாம் தேதி மடிப்பும் சேர்ந்துகொண்டார். பன்னிரண்டாம் தேதி ஸ்டோர்க்காரர் வந்தார். இரண்டு பேர் சேர்ந்தால் யார் கடைசியில் முடிப்பது என்பதில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்தார். பதினைந்தாம் தேதி அக்கா, "ஒவ்வொரு சரணத்துக்கும் அப்புறம் பல்லவி பாடணும், அதுதான் முறை" என்று ஒரு பல்லவியைச் சேர்த்தார். அதை இரண்டு முறை பாடுவதும் முறையாம். பதினெட்டாம் தேதி மடிப்பு மெழுகுவர்த்தி கொண்டுவந்தார். பாய்லர் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் ஞானத்தை மேலாளர் நேரில் வந்து பாராட்டினார், ஒன்றைத் தானும் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நின்றது. பாடுகிறவர்கள் அறையின் கதவைப் பார்த்து நின்றார்கள், கண்ணாடி அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பள்ளத்திலிருந்து வந்த மச்சான் மட்டும் அதைப் பார்த்தார். "குளிர்காலம், தண்ணி சுருங்குது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பம்பைக் கூடுதல் நேரம் ஓடவிட்டார். பாய்லர் புதிதாக ஒரு ஓசை எழுப்பியது. பெருமூச்சு முடிந்ததும் யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போல ஒன்று. பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் அதைக் கேட்டு, எலி என்று எழுதிக் கொடுத்தாள். எலிக்கு மருந்து வந்தது.

இருபத்திமூன்றாம் தேதி மாலை மச்சான் அக்கா வீட்டுக்கு வந்தார். அவருடைய சொந்த அக்கா, கட்டைக்குரலின் மனைவி. தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"அத்தான், நீங்க குடுத்த பாட்டு என்னமா ஆயிடுச்சு தெரியுமா? இப்போ பதினோரு பேரு. நேத்து மூணு குரலா பிரிச்சுப் பாடினாங்க. பள்ளத்துல நிக்கறேன், கண்ணுல தண்ணி கொட்டுது."

கட்டைக்குரல் சிலேட்டை எடுத்தார். 'எவ்வளவு நேரம்?'

"நேரம் போனதே தெரியல அத்தான்."

சாக்குக்கட்டி உடைந்தது. பாதித் துண்டை எடுத்து எழுதினார். 'இருபது வினாடி! கண்ணாடியில் தண்ணி எங்கே நிக்குது?'

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் மச்சான். பிறகு நேர்மையாக, "அப்புறமா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கட்டைக்குரல் எழுந்து நின்றார். வாய் திறந்தது. மனைவி பாய்ந்து வந்து அதை உள்ளங்கையால் மூடினார். "பதினேழு நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாச்சு. இன்னும் பதிமூணு நாள். இவன் வேலைய இவன் பாத்துக்குவான். டேய், அத்தான் சொல்றத கேட்டியா?"

"கேட்டேன்க்கா. வேகமா பாடச் சொல்றேன். சரி அத்தான், சரி."

அந்தச் சரி கட்டைக்குரலுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாகப் பதிவேட்டில் அந்தச் சரியை அவர் படித்துவருகிறார். பாய்லரின் கதவு கழன்று விழுந்த அன்றும் அது சரிதான்.

மச்சான் நியாயமாகச் சொல்லிவிடத்தான் செய்தார். மறுநாள் காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இஸ்திரி அக்காவிடம் போய், "அத்தான் கொஞ்சம் வேகமா பாடச் சொன்னாரு, வால்வு இருக்குல்ல, அதுக்காக" என்றார்.

அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நோயாளிங்க அப்படித்தான் தம்பி. தனக்கு நேரம் கம்மின்னு நினைச்சு எல்லாத்தையும் அவசரப்படுத்துவாங்க. நாமதான் நிதானமா இருந்து தேத்தணும். பாலன் பொறக்கறது என்ன அவசர கேஸா?"

"இந்தப் பக்கம் பிரசவ வார்டுல எல்லாமே அவசர கேஸ்தான்க்கா" என்றார் மடிப்பு.

"நீ மெழுகுவர்த்திய நேரா பிடி."

மச்சான் பள்ளத்தில் இறங்கினார்.

அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வேலை முடிந்த இரவுக் குழுவும் வந்திருந்தது. பாய்லருக்கும் கதவுக்கும் நடுவே இருபது பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கட்டைக்குரல் கழுத்தில் கட்டிய துணியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முதல் சரணம் முடிந்து பல்லவி இரண்டாம் முறை போய்க்கொண்டிருந்தது. அவர் பின்னால் மூச்சிரைக்க மனைவி. உள்ளே பள்ளத்திலிருந்து ஆவியின் உறுமல் தொடர்ந்து கேட்டது. இருபது வினாடிக்குமேல் அந்த உறுமலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

தலைகளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பாட்டு நிற்கவில்லை, இன்னும் இனிமையாயிற்று. சாகக் கிடக்கிறவர் எழுந்து தன் பாட்டைக் கேட்க வந்திருக்கிறார் என்றால் யாருக்குத்தான் குரல் குழையாது? அவர் கையை ஆட்டினார், நிறுத்து, நிறுத்து என்று. பாடகர் குழுவை நடத்துகிறார் என்று அவர்கள் அகமகிழ்ந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த ஸ்பானரை எடுத்து ஆவிக் குழாயில் ஓங்கி ஓங்கி அடித்தார். மடிப்பு முகம் மலர்ந்து, அந்தத் தாளத்துக்குக் கைதட்டினார். மேலாளரும் தட்டினார். கட்டைக்குரல் கூட்டத்துக்குள் புகுந்து பாய்லரின் முகத்துக்குப் போக முயன்றார். அங்கேதான் நெருப்பை நிறுத்தும் பொத்தான். இரண்டாவது வரிசையில் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். விரிப்பு இழுத்து இழுத்து உரமேறிய கைகள். கண்ணை மூடி, நெஞ்சோடு சேர்த்து, இரண்டாம் சரணத்தை அவர் காதிலேயே பாடினார்.

"மந்தையின்மேல்..."

அக்காவின் தோளுக்கு மேலே கண்ணாடி தெரிந்தது. தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கியது. அவசரமே இல்லை அதற்கு. பாட்டைப் போலவே நிதானமாக இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. 'மலர்ந்ததுவே' வர இன்னும் நான்கு அடி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு இழுப்பு. கட்டைக்குரல் கணக்குப் போட்டார். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு சரணத்துக்குப் போதாது.

மனைவி தூரத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷம் பார்த்த முகம். "வேணாங்க," என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை.

அவர் தொடக்கத்திலிருந்து பாடவில்லை. அதற்கு நேரமில்லை. நேரே கடைசி அடிக்குத் தாவினார். பதினெட்டு நாள் அடைத்துவைத்த மொத்தத்தையும் திரட்டி, ராகமில்லாமல், மூச்சில்லாமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அதே வேகத்தில்,

"வைக்கோலும் மலர்ந்ததுவே!"

என்று கத்தினார்.

இருபது குரலும் நின்றன. அதற்கு முன்பே உறுமல் நின்றுவிட்டது. பள்ளத்தில் மச்சான் எதையும் யோசித்திருக்கவில்லை. அந்தக் குரல் வந்தது, கை தானாகத் திருகியது.

கண்ணாடிக் குழாய் காலி. அடியில் ஒரு சொட்டு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் படியேறி வந்தார், கண்ணாடியைப் பார்த்தார், முகம் வெளிறியது. தண்ணீர் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். கை பம்பின் பொத்தானுக்குப் போனது. அதுதான் பச்சைத் தண்ணீர். கட்டைக்குரல் அக்காவை உதறித் தள்ளிவிட்டு மூன்று பேர்மீது விழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையால் நெருப்பை அணைத்தார். பிறகு கதவைக் காட்டினார். அவர் வாயோரம் வழிந்த சிவப்பைப் பார்த்ததும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மெழுகுவர்த்திகளோடு வரிசையாக வெளியே போனார்கள். மேலாளர் வரிசையில் முதலாவது.

அவரும் மச்சானும் மட்டும் உள்ளே நின்றார்கள். செய்ய ஒன்றும் இல்லை, ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர. பாய்லர் குளிரக் குளிர உள்ளே எங்கோ டக் என்றது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி டக். ஒவ்வொரு டக்குக்கும் மச்சான் கண்ணை மூடினார். கட்டைக்குரல் சுவரில் சாய்ந்து, துணியை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணாடியையே பார்த்தார். ஒன்றே கால் மணி நேரம்.

பின்னால் வந்து பார்த்த பரிசோதகர் உள்ளே இரண்டு குழாய்கள் முதுகு வளைந்து போயிருப்பதைக் காட்டினார். "இன்னும் ஒரு பல்லவி தாங்கியிருக்காது" என்றார். அறிக்கையில் 'பாடல் காரணமாக' என்று எழுதினார். மேலாளர் கெஞ்சிக் கேட்டதன்பேரில் அது 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று திருத்தப்பட்டது. விண்ணப்பங்களின்மேல் இருந்த கோப்பை வேறு இடத்துக்குப் போனது. மூன்றே நாளில் மணிக்கும் மிதவைக்கும் ஒயர் வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலை அக்கா, மடிப்பு, ஸ்டோர்க்காரர் எல்லோரும் கட்டைக்குரல் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் இருந்த நாற்காலிகளில் நுனியில் உட்கார்ந்தார்கள். விஷயம் முழுவதும் மச்சான் வாயால் தெரிந்திருந்தது. அக்கா இரவு முழுக்க அழுத கண்ணோடு, "எங்களுக்குத் தெரியாதுண்ணே. கடைசி ஆசைன்னு நினைச்சுட்டோம்" என்றார்.

"கிட்டத்தட்ட எல்லாருக்கும் கடைசிதான் ஆகியிருக்கும்" என்றார் மடிப்பு. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கட்டைக்குரல் சிலேட்டில் எழுதிக் காட்டினார். 'ஐந்தும் பாடுங்க.'

தயங்கினார்கள். அப்புறம் அக்கா மெல்ல ஆரம்பித்தார், மற்றவர்கள் சேர்ந்தார்கள். ஐந்து சரணமும், பல்லவி இரண்டிரண்டு முறையும், உரிய இழுப்புகளோடு. அந்தப் பாட்டை அவர் தன் வாழ்நாளில் பாட்டாகக் கேட்டதே இல்லை. கேட்டு முடித்ததும் சிலேட்டைத் துடைத்தார். பிறகு எழுதினார்.

'நல்லா இருக்கு. ரொம்ப நேரம்.'

குரல் திரும்பவில்லை. டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அவரால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மிஞ்சியது காகிதத்தைக் கசக்கும் ஓசைதான். மனைவி இப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, சிலேட்டை வாங்கிப் பெரிதாகப் பதில் எழுதுகிறார். அவர் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று பல முறை எழுதிக் காட்டியும் கேட்பதில்லை.

ஜனவரியில் புதுக் குழாய்கள் போட்டு பாய்லர் மறுபடி எரிந்தது. இருபது வினாடி ஆனதும் அடிக்க ஒரு தனி மணியும் வைத்தார்கள். 'பாய்லர் அறையில் பாடக் கூடாது' என்று மேலாளர் சட்டம் போட்ட பலகை மாட்டினார். முதல் கொப்பளிப்பில் மணி அடித்தது. உறுமல் நிற்கவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு. கட்டைக்குரல் பள்ளத்துக்கு ஓடிப்போய் மச்சானின் கையோடு சேர்த்து வால்வைத் திருகினார்.

மச்சான் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மணி கேட்டுச்சு அத்தான். நல்லா கேட்டுச்சு. கைதான் அசைய மாட்டேங்குது. உங்க குரலுக்காக நிக்குது."

ஆகவே இப்போது ஏற்பாடு இப்படி. காலை ஒன்பது மணிக்குக் கட்டைக்குரலும் பள்ளத்தில் இறங்குகிறார். மச்சானின் தோளில் கையை வைத்து, விரல்களால் இரண்டு சரணத்தையும் ஓசையில்லாமல் தட்டுகிறார். கடைசி அடியில் தோளை அழுத்துகிறார், வால்வு மூடுகிறது. முன்னால் கண்ணாடிக் குழாய்க்கு எதிரே இஸ்திரி அக்கா நிற்கிறார். கண்ணைச் சிமிட்டுவதில்லை. நீர் கோர்த்தாலும் துடைப்பதில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு கட்டைக்குரலுக்குப் பணி ஓய்வு. அதற்கு அப்புறம் தோளைத் தட்ட யார் என்று கேட்டு மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது. அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அதன்மேல் இன்னும் கோப்பை வைக்கவில்லை.